தாளமில்லாத பாட்டுக்கு முப்பத்திரண்டு

கடையில் இப்போது நிற்கிற பிள்ளைகள் ஒருநாள் என்னிடம் கேட்டார்கள், மாமி, நீங்க இத்தன வருசம் இஞ்ச இருந்து என்னதான் செய்தீங்க என்று. அவர்கள் விற்பது போனுக்கு உறையும், மேலே ஒட்டுகிற கண்ணாடியும். பாட்டு வேண்டும் என்று யாரும் அங்கே வருவதில்லை. பாட்டு எங்கிருந்தோ போனுக்குள் வருகிறது, கேட்டு முடிந்ததும் போய்விடுகிறது. நான் பாட்டைச் சின்னதாக்கினேன் மக்களே என்றேன். ஒருத்தி சிரித்துவிட்டாள். பாட்டு என்ன ஜாக்கெட்டா மாமி, பிடிச்சுத் தைக்கதுக்கு என்றாள்.

சிரிக்கட்டும். குளச்சலில் அந்த வேலையை என்னைப்போல் செய்தவர் கிடையாது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் என்ன செய்தேன் என்று முழுசாகச் சொல்ல வேண்டுமானால் இனயத்து ஜெயமேரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழ் எழுத்துக்கூட்டுவேன், இங்கிலீசில் எண் மட்டும் தெரியும். பையத்தான் எழுத வரும், நீங்களும் பைய வாசியுங்கள்.

கடை காதர் முதலாளியுடையது. கேசட் காலத்தில் தூசி துடைக்கவும் நாடா சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றவும் நான் போய்ச் சேர்ந்தேன். 2004-ல் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அது படித்த ஒருவரை வேலைக்கு வைத்தார். அவருக்கு விசா வந்தது, சவுதிக்குப் போனார். அடுத்து வந்தவர் துபாய்க்குப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, நீ படி பிலோமி, உனக்கு விசா வராது என்றார். அப்படித்தான் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். போனவர்கள் செய்ததைப் பின்னால் நின்று பார்த்திருந்தேன். எந்தப் படத்தை அமுக்கினால் எது திறக்கும் என்பது கண்ணில் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் ஏறி வந்தது. அதற்கப்புறம் ஜனங்கள் உப்புத்தண்ணீரில் ஊறின கேசட்டுகளைக் கொண்டு வந்தார்கள். கல்யாணப் பாட்டு, ஊர்த் திருவிழா, சாமியாருடைய பிரசங்கம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடு என்றார்கள். பிறகு சின்ன விரல்நகம் போல மெமரி கார்டு வந்தது. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும், தங்குகடலுக்குப் போகிறவர்களுக்கும் அது சோறு மாதிரி ஆகிவிட்டது. தங்குகடல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், போட்டில் போய் வாரக்கணக்கில் நடுக்கடலிலேயே கிடந்து மீன்பிடிப்பது. அங்கே கரையும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. கார்டில் இருப்பதுதான் பாட்டு.

கார்டு சின்னது, ஆசை பெரிசு. அங்கேதான் என் வேலை.

செய்கிற முறையைச் சொல்கிறேன். கேசட் பெட்டியிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். கேசட் ஓடுகிற நேரம் முழுக்க உட்கார வேண்டும், அவசரப்படுத்த முடியாது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன். ஓடி முடிந்ததும் உள்ளே ஒரு பெரிய பைல் விழுந்திருக்கும். அதை நாங்கள் பெரிசு என்போம். ஒரு பெரிசை அப்படியே கார்டில் போட்டால் கார்டில் வேறு ஒன்றுக்கும் இடம் இருக்காது. அதனால் இன்னொரு படத்தைத் திறந்து பெரிசை அதற்குள் இழுத்துவிட வேண்டும். அதில் ஒரு கட்டத்தில் எண் இருக்கும். நூற்றி இருபத்தெட்டு வைத்தால் பாட்டு பாட்டாக இருக்கும். அறுபத்திநாலு வைத்தால் பாதி இடம் போதும். முப்பத்திரண்டு வைத்தால் அதிலும் பாதி. பக்கத்தில் இன்னொரு கட்டம், சத்தம் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போகணுமா, ஒன்றாகப் போகணுமா என்று. அதன் இங்கிலீசு எனக்குத் தெரியாது. நான் அதை ரெட்டைக்காது, ஒற்றைக்காது என்று வைத்துக்கொண்டேன். கடைக்கு வந்தவர்களும் அப்படியே சொல்லப் பழகினார்கள். ஒற்றைக்காது போதும் பிலோமியக்கா, போட்டுல கேக்கதுக்குத்தானே என்பார்கள்.

எந்தப் பாட்டுக்கு எந்த எண் என்பதுதான் வேலை. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, காது சொன்னது. அளவு குறைந்தால் முதலில் கெடுவது தாளம். ஜால்ராவும் சலங்கையும் சட்டியில் மீன் பொரிகிறது போலக் கேட்கும். அந்தப் பொரிச்சல் வராத அளவுக்கு இறக்குவேன், அதற்குக் கீழே போகமாட்டேன். சினிமாப் பாட்டுக்கு நூற்றி இருபத்தெட்டு, மிஞ்சினால் தொண்ணூற்றி ஆறு. தாளம் இல்லாத பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் முப்பத்திரண்டு, ஒற்றைக்காது. பொரிவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. இது எங்கள் கடைச் சட்டம்.

காதர் முதலாளி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதையும் தாழ்ந்த குரலில், பள்ளிவாசலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்வார். பாட்டைச் சின்னதாக்கினால் கெட்டுப்போகாதா என்று எவராவது கேட்டால் அவர் வாதாடமாட்டார். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்வார். தோல் உரிந்த அந்தப் பெரிய ஹெட்போனைத் தன் கையாலேயே மாட்டிவிடுவார். முதலில் பெரிசை ஓடவிடுவார், பிறகு சின்னதை. எது எதென்று சொல்லமாட்டார். எது கொள்ளாம், எது நல்லா இருக்கு என்று மட்டும் கேட்பார். முக்கால்வாசிப் பேர் சின்னதைத்தான் கொள்ளாம் என்பார்கள், கடைசியாகக் கேட்டது அதுதானே. அப்போது முதலாளி லேசாகச் சிரிப்பார்.

கம்ப்யூட்டர் பெட்டி எப்படிச் சின்னதாக்குகிறது என்று எனக்கும் அவர்தான் சொன்னார். ரெண்டு பேர் ஒன்றாகப் பேசினால் உரக்கப் பேசுகிறவனைத்தான் காது பிடிக்கும், பின்னால் மெல்லப் பேசுகிறவனைப் பிடிக்காது, பெட்டி அந்த மெல்லப் பேசுகிறவனை எடுத்துக் கடாசிவிடும் என்றார். "காது அறியாதத பெட்டியில வச்சு என்னத்துக்கு பிலோமி?" அது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து வந்ததும் முதலாளி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த வாரத்துப் பெரிசுகளையெல்லாம் அழிப்பார். இல்லாவிட்டால் அடுத்த வாரத்துக்கு இடம் இருக்காது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் வயிறு அவ்வளவுதான்.

இனி தாசனைப் பற்றிச் சொல்கிறேன்.

இனயத்தில் தவக்காலம் வந்தால் ஆண்கள் கூடி இயேசுவின் பாடுகளைப் பாடுவார்கள். தவக்காலத்தில் கொட்டும் கிடையாது, தாளமும் கிடையாது, வெறும் வாய்தான். அண்ணாவி என்று ஒரு பெரியவர், அவர்தான் முன்பாட்டு. குரல் சங்கு போல ஏறும். மற்றவர்கள் அவர் பின்னால் எடுப்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கீழ்க்குரலில் நிற்க வேண்டும். அண்ணாவி வரி முடித்து மூச்சு எடுக்கும்போது பாட்டு அறுந்துபோகாமல் பிடித்திருக்க வேண்டியது அந்த ஆள். அதுதான் தாசன். போட்டில் வலை இழுக்கிறவன், நெடுநெடு என்று இருப்பான், பேச்சு குறைவு.

ஒரு வருடம் அவர்கள் பாடினதைக் கேசட்டில் பிடித்திருந்தார்கள். தாசன் அதைக் கொண்டுவந்தான். அடுத்த தவக்காலத்தில் அவர்கள் போட்டு கடலில் கிடக்கும், வெள்ளிக்கிழமையில் அங்கே எல்லாரும் இருந்து கேட்க வேண்டும் என்றான். கார்டு ஒன்றே ஒன்றுதான். அதில் போட்டுக்காரர்கள் எல்லாருக்கும் பிடித்த சினிமாப் பாட்டும் இருக்க வேண்டும். நான் ஏற்றிப் பார்த்தேன், கொள்ளவில்லை. சினிமாப் பாட்டைக் குறைச்சுக்கவா என்று கேட்டேன்.

"அதுல கைய வச்சா என்னைத் தூக்கி கடல்ல போட்டிருவானுவக்கா. எங்க பாட்ட சின்னதாக்குங்க" என்றான்.

தாளமில்லாத பாட்டு. முப்பத்திரண்டு, ஒற்றைக்காது. முதலாளி அவனையும் ஸ்டூலில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார். பெரிசைக் கேட்டான், சின்னதைக் கேட்டான். கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான்.

"அண்ணாவி ரெண்டுலயும் நல்லா கேக்காரு. போதும்" என்றான்.

அண்ணாவி கேட்கிறாரா என்றுதான் அவன் பார்த்தான். தான் கேட்கிறோமா என்று பார்க்கவில்லை. கூட்டத்தில் பாடுகிற எவன்தான் தன் குரலைத் தேடுவான். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை பெரிசு அழிந்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

இரண்டு வருடம் கழிந்தது. மழைக்காலத்தில் வலை இழுக்கும்போது தாசன் கடலில் விழுந்துவிட்டான். கூட இருந்தவர்கள் வெகுநேரம் சுற்றிச்சுற்றித் தேடினார்கள். போட்டு திரும்பி வந்தது, அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மண்ணுக்குள் வைக்க ஒன்றும் இல்லாமல் பூசை வைத்தார்கள். அவன் பெண்சாதி ஜெயமேரிக்குக் கையில் ஒரு பெண்குழந்தை, பேச்சு வராத வயது.

சில மாதம் கழித்து ஜெயமேரி கடைக்கு வந்தாள். போட்டுக்காரர்கள் அந்தக் கார்டை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய குரல் இருக்கிற ஒரே சாமான் அதுதான். வீட்டில் போட்டோ இருக்கிறது, சத்தம் இல்லை. பிள்ளைக்கு அப்பனுக்க சத்தம் தெரியணும்க்கா என்றாள். போனில் போட்டுக் கேட்டாளாம், அவன் குரல் பிடிபடவில்லை. போனின் குற்றமாக இருக்கும் என்று என்னிடம் கொண்டுவந்திருந்தாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலாளி செய்வதுபோலவே அவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவள் பாட்டு முடிகிற வரைக்கும் கேட்டாள். பிறகு திரும்பவும் போடச் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இதுல அவரு இல்லியேக்கா."

"இருப்பாரு பிள்ளே. நல்லா கேளு."

"கேட்டாச்சு. அண்ணாவி இருக்காரு. பின்னால எடுக்கியவங்க இருக்காங்க. எனக்க ஆளு மட்டும் இல்ல."

நான் வாங்கி மாட்டிக் கேட்டேன். அவள் சொன்னது சரி. அண்ணாவியின் குரல் முன்னால் பளிச்சென்று நின்றது. பின்னால் எடுக்கிறவர்கள் கலங்கின தண்ணீர் போலக் கேட்டார்கள். அண்ணாவி பாடும்போது அவருக்கு அடியில் எதுவுமே இல்லை. வருடக்கணக்காக நான் காது வைத்துக் காத்தது தாளத்தை. அடிக்குரலுக்குக் காது வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

பெரிசு எங்கே என்று ஜெயமேரி கேட்கவில்லை, அவளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. நான்தான் அந்த மூலக் கேசட்டை நினைத்து அவளைக் கூட்டிக்கொண்டு இனயத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணாவி வீட்டில் கேசட் இருந்தது. பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் பாட்டு கார்டில் ஏறிவிட்டதே, நல்ல கேசட் வீணாகக் கிடக்கிறதே என்று அடுத்த கிறிஸ்துமசுக்குப் பிள்ளைகள் பாடினதை அதன் மேலேயே பிடித்திருந்தார். இரண்டு பக்கமும் பிள்ளைகளின் சத்தம். அண்ணாவி தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் வேணும்னா இப்ப பாடுதேன் மோளே என்றார். ஜெயமேரி வேண்டாம் என்றாள்.

திரும்பி வந்ததும் முதலாளியிடம் சொன்னேன். அழித்த பெரிசைத் தோண்டி எடுக்க வழி உண்டா என்று நாகர்கோவிலுக்குப் போன் போட்டு விசாரித்தார். இத்தனை நாளில் அந்த இடத்தில் எத்தனையோ எழுதியாகிவிட்டது, கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி போனை வைத்துவிட்டு அந்த ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் கேட்டுட்டுத்தானே சொன்னான் பிலோமி" என்றார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஹெட்போனை மாட்டிவிட்டு நான் பார்க்கவில்லை. கேட்கிறவர்களுக்கு நீயே காட்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு வெளியே சாயா குடிக்கப் போய்விடுவார்.

நான் விடவில்லை. தினமும் கடை திறந்ததும் ஆள் வருவதற்கு முன்னால், ஜெயமேரி என்னிடம் விட்டுப்போன கார்டிலிருந்து அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். கேட்டுக்கேட்டு ஒருநாள் பிடிபட்டது. தாசன் முழுக்கப் போய்விடவில்லை. அண்ணாவி வரியை முடித்து மூச்சு எடுக்கிற இடம் இருக்கிறதே, அங்கே இருந்தான். உரக்கப் பாடுகிறவர் வாயை மூடின அந்த நேரத்துக்குப் பெட்டி அவனை விட்டுவைத்திருந்தது. கண் இமைக்கிற நேரம் ஒரு ஆழமான "ஓ". அடுத்த வரி தொடங்கியதும் காணாமல் போய்விடும்.

ஜெயமேரிக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து கேட்டாள். முதல் தடவை அவளுக்குப் பிடிபடவில்லை. நான் விரலைத் தூக்கிக் காட்டினேன், இந்தா, இப்போ என்று. அவள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழவில்லை. "இருக்காரு" என்றாள். பிறகு, இந்த இடங்களை மட்டும் எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

முடியும். போன் மணிக்குப் பாட்டு வெட்டுகிற வேலை அப்போது எங்களுக்கு நிறைய வந்துகொண்டிருந்தது, வெட்டவும் ஒட்டவும் எனக்குக் கை பழகியிருந்தது. ஒவ்வொரு மூச்சாகப் போய் தாசனை வெட்டி எடுத்தேன். அண்ணாவியின் இழுப்பு ஒட்டாமல், பின்னால் எடுப்பவர்களின் கலக்கம் ஒட்டாமல், மயிரிழை பார்த்து வெட்டினேன். என் வேலையிலேயே நல்ல வேலை அது என்றுதான் இப்போதும் சொல்வேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்ததும் தாசன் தனியாகக் கேட்டான். மிச்சம் யாரும் இல்லை, அவன் மட்டும்.

ஜெயமேரி பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டியிலேயே போடுங்க, பிள்ளையும் கேக்கட்டும் என்றாள். போட்டேன். ஓ, ஓ, ஓ என்று வந்தது. பிள்ளை சிரித்தது. ஜெயமேரியும் முதலில் சிரித்தாள். வலை இழுக்க ஆளக் கூப்பிடுதது மாதிரி இருக்கு என்றாள். பிறகு முகம் மாறிவிட்டது.

"நிறுத்துங்கக்கா."

நிறுத்தினேன்.

"சத்தம் அவருக்கதுதான். ஆனா அவரு இப்பிடி பாடமாட்டாரு. ஒருத்தருக்க பின்னால நின்னாத்தான் அவருக்குப் பாட்டு வரும். தனியா ஒரு வரி பாடுங்கன்னு வீட்டுல சொன்னாகூட வெக்கப்பட்டு வெளிய போயிருவாரு. இத வச்சு அவர வெக்கப்படுத்தாண்டாம். அழிச்சிருங்க."

எத்தனை பாட்டை அழித்திருப்பேன், அதற்கெல்லாம் கை நின்றதில்லை. இதற்கு நின்றது. அவள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், அழித்தேன். பழைய பாட்டே போதும் என்று கார்டை வாங்கிக்கொண்டாள். பிள்ளையிடம், அண்ணாவி தாத்தா நிறுத்துத இடத்துல கேளு மோளே, அதுதான் அப்பா என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

அப்புறம் கடைச் சட்டத்தை மாற்றினேன். தாளம் இல்லாத பாட்டுக்கும் நூற்றி இருபத்தெட்டு என்றேன், முதலாளி மறுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் சட்டமே தேவையில்லாமல் போனது. கார்டு பெரிசாகிக்கொண்டே வந்தது. சின்னதாக்கணுமா என்று நான் கேட்டால் என்னத்துக்கு என்று கேட்டார்கள். முதலாளி காலமானார், மகன் கடையை மாற்றினார். நானும் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜெயமேரி ஒரு தடவை வந்தாள். தம்பி மஸ்கட்டிலிருந்து புதுப் போன் கொடுத்தனுப்பியிருந்தான். கார்டில் இருப்பதைப் போனுக்குள்ளேயே போட்டுத்தர வேண்டும். போன் மாற்றும்போதெல்லாம் அவள் என்னிடம்தான் வருவாள், வேறு ஆள் கையில் கொடுக்கமாட்டாள். சின்னதாக்கிராதீங்கக்கா என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். இல்ல பிள்ளே என்பேன்.

போட்டு முடித்ததும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். போனில் ஒரு கோடு காட்டும், எவ்வளவு நிறைந்திருக்கிறது, எவ்வளவு காலி என்று. இடது ஓரத்தில் துளி போல நிறம் தெரிந்தது. மிச்சம் நீளத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. ஜெயமேரி என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வெள்ளை என்னதுக்கா?"

"காலி இடம் பிள்ளே."

"இவ்வளவுமா?"

"ம்."

குனிந்து அந்தக் கோட்டை ஓரம் வரைக்கும் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணைக்கு இது இருந்திருந்தா அவரு முழுசா கெடந்திருப்பாரு, இல்லியா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. கேசட்டிலேயே சரியாக விழவில்லை பிள்ளே, பின்னால் நின்று பாடின கீழ்க்குரல், மைக்குக்கு எட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், கொஞ்சம் ஆறியிருப்பாள். ஆனால் அந்தக் கேசட் ஓடி முடிகிற வரைக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பெரிசில் தாசன் நன்றாகவே இருந்தான். அண்ணாவியின் ஒவ்வொரு வரிக்கும் அடியில், ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், வீட்டுக்குத் தரை மாதிரி இருந்தான். அந்தப் பெரிசை முழுக்கக் கேட்ட காது இப்போது என்னுடையது ஒன்றுதான்.

"கெடந்திருப்பாரு" என்றேன்.

ஜெயமேரி கையை நீட்டி அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை.